கைதட்டல் வாங்கிய பதில்

ஊர் மன்றத்தில் ஆத்திகருக்கும் நாத்திகருக்கும் வாதம் நடந்தது. ஆத்திகர் தரப்பில் பேசிய திருமேனி ஜெயித்தார். ஆசிரமத்துக்குத் திரும்பியதும் நேரே தன் குருவிடம் போனார். குரு உமையாள் அம்மைக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அம்மை கிணற்றடியில் கீரை அலசிக்கொண்டிருந்தார்.

“அம்மா, எதிர்த்தரப்பில் பேசிய செங்குட்டுவன் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.”

“என்ன கேட்டார்?”

“அவருடைய மகள் சின்ன வயதிலேயே காய்ச்சலில் இறந்துபோனாளாம். கடவுள் இருந்தால், அந்தக் குழந்தை என்ன குற்றம் செய்தது என்று கேட்டார்.”

“நீங்கள்?”

“முற்பிறவியில் செய்திருப்பாள் என்றேன். கைதட்டல் அடங்கவே இல்லை.”

அம்மையின் கை நின்றது.

“குழந்தையின் பெயர் என்ன?”

“நான் கேட்கவில்லை.”

“போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.”

செங்குட்டுவன் திருமேனியைத் தன் வீட்டு வாசலிலேயே நிறுத்தினார்.

“பெயர் எதற்கு? மேடையில் சொல்லவா?”

“இல்லை. மன்றத்தில் சொன்னதை உங்கள் முகத்தைப் பார்த்து இங்கே சொல்ல முடியுமா என்று வழியெல்லாம் யோசித்தேன். முடியாது. மன்னித்துவிடுங்கள்.”

செங்குட்டுவன் வாசலை விட்டு விலகி நின்றார்.

“அறிவுச்செல்வி,” என்றார். பிறகு, “உள்ளே வாருங்கள்.”

சுவரில் குழந்தையின் படம். அதன் முன்னால் ஒரு விளக்கு எரிந்தது.

“என் மனைவி ஏற்றுவது. முட்டாள்தனம் என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். ஏன் ஏற்றுகிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.” திருமேனியின் பக்கம் திரும்பி, “உங்களையும் நான் கேட்கவில்லை. உங்களுக்குக் கடவுள் எப்படி வந்தார்?” என்றார்.

திருமேனி இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். சிறு வயதில் ஒரு புயலில் வீடு இடிந்து விழுந்தது. அம்மாவும் தம்பியும் பிழைக்கவில்லை. இடிபாட்டுக்குள் அவர் தனியாகக் கிடந்தபோது, யாரோ பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது. விடியும்வரை அது போகவில்லை.

செங்குட்டுவன் சிரிக்கவில்லை.

“பயத்தில் உங்கள் மனம் உண்டாக்கிக்கொண்டது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்,” என்றார். “ஆனால் நீங்கள் பொய் சொல்லவில்லை.”

அவர் மனைவி இருவருக்கும் சோறு போட்டார். சாப்பிட்ட பிறகும் வாதம் தொடர்ந்தது. யாரும் குரலை உயர்த்தவில்லை.

ஆசிரமத்துக்கு வந்த திருமேனி அம்மையின் எதிரே உட்கார்ந்தார்.

“அவரும் மாறவில்லை, நானும் மாறவில்லை. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார். ஆனால் அம்மா, அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. என்னிடம் அதற்குப் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?”

அம்மை கண்களை மூடிக்கொண்டார். திறந்தபோது அவை ஈரமாக இருந்தன.

“இல்லை,” என்றார். “நாளைக்குப் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள்.”