கொன்றையா? பாசியா?

மலையடிக் காட்டில் ஒரு பட்டிமன்றம். தலைப்பு: "சிறந்தது சரக்கொன்றையா? பாறைப்பாசியா?" வேறு வேலை இல்லை பாருங்கள், அந்த மிருகங்களுக்கு!

நடுவர் கரடியார். தேக்கிலைப் பொன்னாடையோடு பாறை மேல் ஏறினார். பாசியில் கால் வைத்தார். சறுக்கித் தொம்மென்று விழுந்தார். கூட்டம் சிரித்துவிட்டது. தீர்ப்பு அப்போதே முடிந்துபோயிற்று, பேச்சுதான் பாக்கி.

குரங்கு கொன்றைக்காகப் பேசிற்று. "நடுவர் அவர்களே! மரம் முழுக்கத் தங்கச் சரம்! கல்யாணப் பந்தல் தோற்றுவிடும்! பாசியிடம் பேருக்கு ஒரு பூ உண்டா?" கைதட்டல் காதைப் பிளந்தது.

பாசிக்காகப் பேச வந்தது தவளை. அதன் முட்டைகள் அந்தப் பாசிக்குள்தான் இருந்தன. பாவம், திக்கித் திக்கிப் பேசிற்று.

"ஐயா, பாசி மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடும். கீழே குழியில் நாம் எல்லாரும் குடிக்கிறோமே, அந்தத் தண்ணீர்..."

டிங்! நடுவர் மணி அடித்துவிட்டார். "நேரம் முடிந்தது! பாசி பூக்குமா, பூக்காதா? அதை மட்டும் சொல்லம்மா!"

"பூக்காது, ஐயா."

"தீர்ந்தது! கொன்றையே சிறந்தது! பாசியைச் சுரண்டி எறியுங்கள்!"

"ஐயையோ, என் பிள்ளைகள்!" தவளை கதறியது. யார் கேட்டார்கள்? குரங்குகள் பாறையை வழித்து மொட்டையாக்கிவிட்டன. பாதி முட்டைகள் வெயிலில் காய்ந்துபோயின. மீதியை ஓர் இலையில் ஏந்திக்கொண்டு தவளை அழுதபடி அடுத்த ஓடைக்குப் போயிற்று. பெற்ற வயிறு எரியாதா?

கோடை மழை ஒன்று கொட்டியது. தண்ணீர் மொட்டைப் பாறையில் வழிந்து ஓடியே போய்விட்டது. வெயில் ஏற ஏறக் குழி வறண்டது. கரடியார் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொன்றையடிக்கு வந்தார். கொன்றை கை நிறையப் பூவைக் கொட்டியது. அது வேறென்ன செய்யும்?

தட்டுத்தடுமாறி அடுத்த ஓடைக்குப் போய்ச் சேர்ந்தார். பாசி படர்ந்த கரையில் தவளையும் அதன் குஞ்சுகளும் இருந்தன.

"ஒரு வாய் தண்ணீர், தாயே!"

"தாராளமாகக் குடியுங்கள், ஐயா!" என்றது தவளை. "குடித்துவிட்டு ஒன்று மட்டும் சொல்லுங்கள். காய்ந்துபோன என் பிள்ளைகளுக்கு என்ன தீர்ப்பு?"

கரடியார் தலையைத் தொங்கப்போட்டார்.

ஒன்றின் அழகை வைத்து இன்னொன்றின் பயனை அளப்பவன், பிறரையும் கெடுத்துத் தானும் கெடுவான்.