கமென்ஸ்மென்ட்

இந்தக் கதை முடிந்ததும் உங்களிடம் ஒரு தீர்ப்புக் கேட்பேன். அதனால் யார் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முக்கூடலில் பீடி சுற்றும் பிரமாச்சிக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் முப்பிடாதி அமெரிக்காவுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போனாள். படிப்பு முடியும் தறுவாயில், ஓர் ஐப்பசி மாதத்தில், தோழிகள் இருவரோடு ஏரியில் படகேறினாள். படகு கவிழ்ந்தது. தோழிகள் கரையேறினார்கள். முப்பிடாதியின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் தண்ணீர்க் குடங்களை மூடியே வைத்தார்கள். திறந்த குடத்தைத் தாண்டிப் போனால் உள்ளேயிருந்து "எம்மா" என்று ஒரு குரல் வருகிறது என்றாள் பிரமாச்சி.

"ஒரு தடவை மட்டும் கூப்பிட்டா பதில் சொல்லக் கூடாதும்பாக. நான் 'என்ன பிள்ள'ன்னு கேட்டுட்டேன்" என்று மகனிடம் சொன்னபோதும் அவள் கை பீடி இலையை வெட்டிக்கொண்டேதான் இருந்தது.

மகளுக்குக் காரியம் செய்ய அவள் சம்மதிக்கவில்லை. மகன் உச்சிமாகாளி ஆறு மாதம் மன்றாடி, சித்திரை அமாவாசைக்கு அவளை இணங்க வைத்தான். அதற்கு இரண்டு நாள் முன்பு, காலையில், அமெரிக்காவிலிருந்து ஒரு கனத்த உறை வந்தது. மகன் வேலைக்குப் போயிருந்தான்.

உறையைக் கொண்டுவந்த தபால்காரர் பரமசிவனையே பிரமாச்சி பிரித்துப் பார்க்கச் சொன்னாள்.

"அக்கா, ஒங்க மக பேரு போட்டிருக்கு. மே மாசம் ஒரு தேதி. மேல பெரிசா கமென்ஸ்மென்ட்னு இருக்கு." செல்போனில் அகராதியைத் தேடினார். "தொடக்கம்னு காட்டுது. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சவுககிட்ட கேளுங்க."

போனவளுக்கு என்ன தொடக்கம்? பிரமாச்சி தலைவாரி, வேறு சேலை கட்டிக்கொண்டு, முப்பிடாதிக்குக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய ஜெபராணியின் வீட்டுக்கு நடந்தாள்.

ஜெபராணி கடிதத்தை இரண்டு முறை படித்தார். பட்டமளிப்பு விழாவுக்கு அந்த நாட்டில் அதுதான் பெயர் என்று அவருக்குத் தெரியும். படிப்பு முடிந்து வாழ்க்கை தொடங்குகிறது என்பது அவர்கள் நினைப்பு. இரண்டாம் பக்கத்தில், மறைந்த மாணவியின் பெயருக்குப் பட்டம் வழங்குகிறோம் என்று தெளிவாக எழுதியிருந்தது.

பிரமாச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இந்த வார்த்தைக்குத் தொடக்கம்னுதானம்மா அர்த்தம்?"

ஜெபராணி அவள் முகத்தைப் பார்த்தார். "ஆமாம்மா. தொடக்கந்தான்."

வீட்டுக்கு வந்த பிரமாச்சி எல்லாக் குடங்களின் மூடியையும் எடுத்துவிட்டாள். மாலையில் மகன் வந்ததும், "காரியம் வேண்டாம்ல. பிள்ள உசிரோட இருக்கா. என்னமோ தொடங்கப் போறாளாம்" என்றாள்.

உச்சிமாகாளிக்கு இதே செய்தி ஒரு மாதத்துக்கு முன்பே மின்னஞ்சலில் வந்திருந்தது. காரியம் முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மறைத்திருந்தான். இப்போது அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னான்.

"எம்மா, அது பட்டம் குடுக்கிற நாளு. அக்கா இறந்துட்டான்னு இதுலயே எழுதியிருக்கு."

"டீச்சர் பொய் சொல்லுவாகளா?"

"நீ கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லியிருக்காக."

"படிப்பு முடியிற நாளுன்னா முடிவுன்னுல்லா பேரு வைக்கணும்!"

அமாவாசையன்று அவன் தனியாக ஆற்றுக்குப் போய்க் காரியம் செய்தான். ஒன்பது நாள் பிரமாச்சி அவனோடு பேசவில்லை.

பத்தாம் நாள் அவளாகவே வந்தாள். மகளின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று பதிவுசெய்து அனுப்பும்படி கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தார்கள். அதை அவன் படித்துக் காட்டியிருந்தான். "நான் சொல்லுதேன்" என்றாள். அவன் செல்போனை நீட்டினான். "முப்பிடாதீ..." என்று விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள். பிறகு பதிலுக்குக் காத்திருந்தாள். அவனுக்குப் பதிவை நிறுத்தக் கை வரவில்லை.

விழாவைச் செல்போனில் பார்த்தார்கள். மேடையில் நின்ற யாரோ ஒரு வெள்ளைக்காரர் அந்தப் பெயரை, அம்மா இழுத்த அதே இழுப்போடு கூப்பிட்டார். பிரமாச்சி திரும்பி வாசலைப் பார்த்தாள்.

தபால்காரர், ஆசிரியை, மகன். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தபால்காரர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லி, தெரியாதது எதுவென்றும் சொன்னார், அவர்மேல் குற்றமில்லை. ஜெபராணி சொன்ன சொல் உண்மை, ஆனால் அது பொய்யாகப் போய்ச் சேரும் என்று தெரிந்தே சொன்னார். உச்சிமாகாளி ஒரு மாதம் மறைத்தது தவறு. அதனால்தான் அம்மா அடுத்தவர் வாயைப் பார்க்க நேர்ந்தது. ஆனாலும் அந்த மாலையில் கடிதத்தில் இருந்ததை இருந்தபடி சொன்னவன் அவன் ஒருவனே. சரி அவன் பக்கம்தான் என்பேன். ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: மகள் உயிரோடிருந்த அந்த அரைநாளுக்காகப் பிரமாச்சி இதுவரை ஜெபராணியை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.