பின்னணி இசைக்கு ஒரு வரி

“அந்த அம்மா பேசினது தியேட்டர்ல யாருக்குமே கேக்கல டீச்சர்.”

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அறவாழி ஆரம்பித்துவிட்டார்.

ஹெப்சிபா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் நாற்காலியைக் காட்டினார்.

அறவாழி உட்காரவில்லை.

அவர் ஒரு வாரப் பத்திரிகையில் திரையிசை பற்றி எழுதுகிறவர். ஐம்பதைத் தொட்டவர். அவருடைய ஒரு பாராட்டுக்காகக் காத்திருக்கும் இசையமைப்பாளர்கள் உண்டு. அவர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்களும் உண்டு.

ஹெப்சிபா அவரைவிட வயதில் மிக இளையவர். ஒலிக்கலவைக் கூடத்தில் வேலை பார்த்தவர். ஒரு ஃபிலிம் சொசைட்டியில், படத்தைக் காதால் பார்ப்பது எப்படி என்று கொஞ்ச காலம் வகுப்பு எடுத்தார். சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அறவாழி மட்டும் வந்துகொண்டிருந்தார். வகுப்பே நின்றுபோன பிறகும், சாலிகிராமத்தில் ஹெப்சிபா வேலை செய்யும் அறையைத் தேடி வந்தார்.

“டீச்சர்” என்றுதான் கூப்பிடுவார்.

“எந்த அம்மா?” என்றார் ஹெப்சிபா.

“எழில்வாணன் இசையமைச்ச படத்துல வர்ற அம்மா. போலீஸ் ஸ்டேஷனுக்கு வருவாங்கல்ல. பையன் விபத்துல போயிட்டான். ஏட்டு அவனோட வாட்ச்சை எடுத்துக் குடுப்பாரு. அந்த அம்மா அழ மாட்டாங்க. வாங்கித் தன் கையில கட்டிப்பாங்க. கட்டிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வாங்க.”

“என்ன சொல்வாங்க?”

“‘அஞ்சு நிமிஷம் முன்னாடியே வச்சிருப்பான் சார். லேட்டாயிடும்னு பயம்.’”

ஹெப்சிபா கணினியிலிருந்து கண்ணை எடுத்தார்.

“இது கேக்கணும்ல டீச்சர்? படமே இதுக்காகத்தானே எடுத்திருக்காங்க? அந்த இடத்துல கொண்டுபோய் அத்தனை வயலினையும் கொட்டறான். திரும்பத் திரும்பப் பார்த்தப்புறம்தான் எனக்கே காதுல விழுந்துச்சு. அந்தப் பின்னணி இசைக்குத்தான் விருது குடுத்திருக்காங்க.”

“எழுதினீங்களா?”

“எழுதினேன். அவனோட ரசிகனுங்க என் பொண்ணோட கல்யாணப் போட்டோவுக்குக் கீழ வந்து திட்டிட்டுப் போயிருக்கானுங்க. எங்க ஆசிரியர் கூப்பிட்டு, எழில்வாணனை நேர்ல பார்த்து ஒரு நல்ல பேட்டி எடுத்துப் போடுங்க, எல்லாம் சரியாயிடும்ங்கறார். முடியாதுன்னா பத்தியையே நிறுத்திடுவாராம். நான் சொன்னது தப்பா டீச்சர்? அதை மட்டும் சொல்லுங்க.”

ஹெப்சிபா கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

திரையில் அந்த அம்மா நின்றிருந்தாள். கையில் வாட்ச்.

அறவாழி இப்போதுதான் உட்கார்ந்தார்.

“இந்தப் படமா பண்றீங்க?”

“போன வாரம் வந்துச்சு.”

காது கேளாதவர்கள் படம் பார்ப்பதற்காகத் திரையின் அடியில் வரிகள் எழுதுவதுதான் இப்போது ஹெப்சிபாவின் வேலை. பேசுவதை மட்டும் எழுதினால் போதாது. யாரோ கதவைத் தட்டுவதை எழுத வேண்டும். வெளியே மழை பிடித்துக்கொண்டதை எழுத வேண்டும். எங்கே இசை வருகிறது, எப்படி வருகிறது என்பதையும் எழுத வேண்டும்.

“இந்தக் காட்சிக்கு இசையை இன்னும் எழுதல. நீங்க எழுதுங்க.”

“நானா?”

“ஒரு வரி.”

அறவாழி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். யோசிக்கவே இல்லை.

“இரவல் வயலின்கள் அலறுகின்றன.”

ஹெப்சிபா படித்தார்.

“இரவல்னா?”

“எங்கிருந்து எடுத்தான்னு எல்லாருக்கும் தெரியும்.”

“இதைப் படிக்கப் போறவங்களுக்கு?”

அறவாழி அதை அழித்தார்.

“காட்சிக்குச் சற்றும் தேவையற்ற சோக இசை.”

“தேவையான்னு கேக்கவா அவங்க வர்றாங்க?”

அதையும் அழித்தார். இந்தமுறை விரல்கள் கோபமாக விழுந்தன.

“சோக இசை.”

“இதுக்கு நீங்க எதுக்கு சார்?” என்றார் ஹெப்சிபா.

அறவாழி எழுந்துவிட்டார்.

“அவனுக்கு வக்காலத்து வாங்கறீங்களா டீச்சர்?”

“எனக்கும் அந்த இசை பிடிக்கல.”

“அப்போ அதைச் சொல்லுங்க. எங்கயாவது சொல்லியிருக்கீங்களா? இத்தனை படம் பண்றீங்க, எத்தனை குப்பை வருது, ஒரு இடத்துலயாவது உங்க கோபத்தை எழுதியிருக்கீங்களா?”

ஹெப்சிபா மேசை மேல் இருந்த டீயை அவர் பக்கம் நகர்த்தினார். ஆறிப்போயிருந்தது. அறவாழி அதை எடுக்கவில்லை.

“இந்தப் படத்துல அவர் ஒரு இடம்கூட சரியாப் பண்ணலையா?”

அறவாழி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

“ஒரு இடம் இருக்கு. பையன் காலையில வேலைக்குக் கிளம்பறான். ஒத்தைப் புல்லாங்குழல். அம்மா உள்ள இருந்து என்னமோ சொல்றாங்க, அவன் காதுல வாங்காமக் கதவைச் சாத்திட்டுப் போறான். கதவு சாத்தின சத்தத்தோட குழல் பாதியில நிக்குது. ராகம் முடியல. அப்படியே விட்டுட்டான்.”

“அதை எழுதினீங்களா?”

“இடம் பத்தல.”

ஹெப்சிபா தலையை மட்டும் ஆட்டினார்.

அது அறவாழியை இன்னும் எரித்தது. “சரி. நானே எழுதறேன். ஆனா நான் எழுதினதை நீங்க மாத்தக் கூடாது.”

“மாத்த மாட்டேன்.”

“ஒரு எழுத்துகூட.”

“கை வைக்க மாட்டேன் சார். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அடியில ரெண்டு வரிக்குத்தான் இடம். மேல இசை, கீழ பேச்சு. ஒரு வரியைப் படிக்க அவங்களுக்கு நேரம் வேணும். ஷாட் மாறினா வரியும் போயிடும்.”

“தெரியும்.”

அவர் அன்று மத்தியானம் முழுக்க அந்த ஒரு காட்சியோடு இருந்தார். ஹெப்சிபா பக்கத்து மேசையில் வேறு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயலின்கள் எழுந்தன, நின்றன, மறுபடி எழுந்தன. ஒவ்வொரு தடவையும் அறவாழியின் முகம் சிவந்தது.

எழுதி முடித்தபோது அவர் மனம் லேசாகியிருந்தது. பல நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்ட மாதிரி.

ஒரு வரியில் அது அடங்கவில்லை. இரண்டு வரி இடத்தையும் எடுத்துக்கொண்டது. முடிந்ததும் இன்னொன்று, அதற்கப்புறம் இன்னொன்று.

“தாயின் துயரத்தை நம்பாமல் வயலின்கள் கூட்டமாக வந்து அதட்டுகின்றன.”

“அழு, அழு என்கின்றன.”

“இவர்களுக்கு வெட்கமே இல்லை.”

அந்த அம்மாவின் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. ஷாட்டின் கடைசியில் அதற்கு இடம் கிடைத்தது. கடைசியில் வந்தால் மனதில் நிற்கும் என்று அறவாழி நினைத்தார்.

“பார்க்கறீங்களா டீச்சர்?”

“எல்லாரோடயும் சேர்ந்து பார்க்கறேன்” என்றார் ஹெப்சிபா.

வரிகள் சேர்த்த படத்தின் முதல் திரையிடல் ஞாயிற்றுக்கிழமை காலையில், கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன பிரிவியூ தியேட்டரில் நடந்தது. காது கேளாதோர் சங்கத்தார், தங்களைப் போலவே காது கேளாத வீட்டாரோடு வந்திருந்தார்கள். அவர்கள் பார்த்துச் சொல்வதைக் கேட்டு வரிகளைத் திருத்திவிட்டுத்தான் படம் வெளியே போகும்.

அறவாழி இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

தியேட்டருக்குள் அப்படி ஒரு கலகலப்பை அவர் பார்த்ததில்லை. ஒரு சத்தமும் இல்லை. வரிசைக்கு வரிசை கைகள் பேசிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி, கடைசி வரிசையில் இருந்தவரோடு எல்லார் தலைக்கும் மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

விளக்கு அணைந்தது. கைகள் மடியில் இறங்கின.

படத்தை முழு ஒலியோடுதான் ஓட்டினார்கள். முரசு அதிர்ந்தபோது பலர் உள்ளங்கையை நாற்காலிக் கைப்பிடியில் அழுத்தி வைத்துக்கொண்டார்கள்.

பையன் வேலைக்குக் கிளம்பினான்.

“ஒற்றைப் புல்லாங்குழல்” என்று அடியில் வந்தது. ஹெப்சிபா எழுதியது. கதவைச் சாத்தினான். “குழல் பாதியில் நிற்கிறது.”

அறவாழிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் சட்டென்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவன் திரும்பி வர மாட்டான் என்று.

போலீஸ் ஸ்டேஷன் வந்தது.

அறவாழி நிமிர்ந்தார்.

ஏட்டு வாட்ச்சை நீட்டினார். வயலின்கள் வெடித்தன. அந்த அரங்கில் அவை அலறியது இரண்டே பேருக்காக. ஒருவர் அறவாழி. இன்னொருவர் ஹெப்சிபா.

அடியில் வரிகள் வரத் தொடங்கின.

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் கீழே தாழ்ந்ததை அறவாழி பார்த்தார். வாட்ச்சைக் கட்டிக்கொள்ளும் கையை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் படித்துக்கொண்டிருந்தார்கள். நீளமான வரி. படித்து முடிப்பதற்குள் அடுத்தது. அதற்குள் அடுத்தது.

அம்மாவின் உதடுகள் அசைந்தன.

வரி ஒன்று வந்தது. ஷாட் மாறியது. வரி போய்விட்டது.

அறவாழியின் கை தன்னால் எழுந்தது, யாரையோ நிறுத்தச் சொல்வதுபோல. படம் நிற்கவில்லை.

முன்வரிசைப் பெரியவர் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்து என்னவோ கேட்டார். பக்கத்தில் இருந்தவர் கையை விரித்தார்.

விளக்கு போட்டதும் எல்லோரும் கைகளை உயர்த்தி விரல்களை ஆட்டினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். அறவாழியும் கையை உயர்த்தினார். தோளுக்கு மேல் எழும்பவில்லை.

ஒரு பெண்மணி நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து ஹெப்சிபாவை நோக்கி வந்தார்.

“செண்பகவல்லி. சங்கத்தோட செயலாளர்” என்றார் ஹெப்சிபா. “அஞ்சலகத்துல வேலை பாக்கறாங்க. எந்தப் படம் வந்தாலும் முதல் ஆளா வந்துடுவாங்க.”

பிறகு செண்பகவல்லியைப் பார்த்துக் கைகளால் ஏதோ சொல்லி, அறவாழியைக் காட்டினார்.

“என்ன சொன்னீங்க டீச்சர்?”

“அந்த ஸ்டேஷன் காட்சி பத்திக் கேக்கணும்னா இவரைக் கேளுங்கன்னு சொன்னேன்.”

செண்பகவல்லி அறவாழியின் பக்கம் திரும்பினார். புருவம் நெரிந்திருந்தது. கைகள் வேகமாக அசைந்தன. வளையல்கள் ஒன்றோடொன்று மோதின. நல்ல கோபத்தில் இருக்கிறார் என்பது தெரிய அறவாழிக்குச் சைகை மொழி தேவைப்படவில்லை.

ஹெப்சிபா அவர் குரலாக நின்று, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார்.

“அந்த அம்மா வாட்ச்சைக் கட்டிட்டு என்னமோ சொன்னாங்க. உதடு அசைஞ்சதைப் பார்த்தேன். எழுத்து வந்ததும் தெரியல, போனதும் தெரியல. அவங்க சொன்னது முக்கியமா இல்லையா?”

“முக்கியம்” என்றார் அறவாழி. “அதுதான் முக்கியம்.”

ஹெப்சிபாவின் கைகள் அதைச் சொல்லின.

“அப்போ ஏன் அதைத் தள்ளிட்டீங்க? புருஷனைக் கூட்டிட்டு வந்திருக்கேன். மாமியாரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். என்ன சொன்னாங்கன்னு எங்க யாருக்கும் தெரியல. ஒரு வரிசையே தெரியாம உக்காந்திருக்கோம்.”

அறவாழி அந்த அம்மா சொன்னதைச் சொல்ல வாயைத் திறந்தார். செண்பகவல்லி கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். இன்னும் முடிக்கவில்லை.

கைகள் இப்போது மெதுவாக அசைந்தன. கோபத்துக்கு நடுவே உண்மையிலேயே ஒரு சந்தேகம் இருந்தது அந்த முகத்தில்.

ஹெப்சிபா ஒரு கணம் தயங்கினார். பிறகு சொன்னார்.

“அந்த அம்மா பேசும்போது ஒருத்தர் குறுக்க திட்டிக்கிட்டே இருந்தாரே, வெட்கமே இல்லன்னு. அவர் முகத்தைக் கடைசி வரைக்கும் காட்டவே இல்ல. யார் அவரு? செத்துப்போன பையனுக்கு அவர் என்ன உறவு?”

சொல்லிவிட்டு, பதிலைக் கையில் வாங்கிக்கொள்ளத் தயாராக, ஹெப்சிபா அறவாழியைப் பார்த்தார்.