ஒன்பது சாவி

"நீங்க அடிச்சுக் குடுத்த பயோடேட்டா சரியில்ல வாத்தியாரே. மூணாவது தடவையும் என்னைய வேணாம்னுட்டாங்க."

திருச்சி பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரா வந்து, பையைக் கவுன்டர் மேல வெச்சுட்டு தமயந்தி சொன்னா.

சந்தியாகு முசிறி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார். ஒரு நாளும் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தினதில்ல. ஆனா இன்டர்வியூவுக்குப் போறவங்க எல்லாரும் அவர்கிட்ட பயோடேட்டா அடிச்சுக்கிட்டு, ரெண்டு வார்த்தை கேட்டுக்கிட்டுத்தான் பஸ் ஏறுவாங்க. அதனால வாத்தியார். அவர் சம்சாரமே அப்படித்தான் கூப்பிடும். அந்தம்மா வெக்கிற கெண்டைமீன் குழம்பு இருக்கே, அது தனிக் கதை. இருக்கட்டும்.

தமயந்திக்கு நாப்பத்தி மூணு வயசு. புருஷன் இல்ல. பொண்ணு காலேஜ்ல ரெண்டாம் வருஷம். ஒரு டிரஸ்டுல பதினோரு வருஷமா வேலை. ஒன்பது ஊர்ல பிள்ளைங்களுக்கு சாயங்கால வகுப்பு. ஊருக்கு ஒரு டீச்சர், ஒன்பது பேருக்கும் மேல இவ. வர்ற மார்ச்சோட டிரஸ்டை மூடுறாங்க. அதுக்குள்ள வேற எங்கயாவது ப்ரோக்ராம் மேனேஜர் வேலை கிடைச்சாத்தான் உண்டு.

"என்ன கேட்டாங்க?"

"அதே கேள்விதான். முன்னாடி நின்னு நடத்தின அனுபவம் ஒண்ணு சொல்லுங்கன்னு."

"என்ன சொன்னீங்க?"

பைக்குள்ள கையை விட்டு ஒரு சாவிக்கொத்தை எடுத்து வெச்சா.

"இதைத்தான் காட்டினேன்."

ஒவ்வொரு ஊர்லயும் ஒரு இரும்புப் பெட்டி. உள்ள கதைப் புஸ்தகம், சார்ட்டு, படம் போட்டுக் காட்ட ஒரு டேப்லெட். பெட்டிக்கு ஒரு பூட்டு. ஒன்பது சாவியும் தமயந்தி கையிலதான். நாலு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்தாள்னா ஊர் ஊரா திறந்துக்கிட்டே போவா. கடைசி ஊருக்குப் போறப்ப ஆறு ஆயிடும். அதுவரைக்கும் அங்க பிள்ளைங்க பாட்டுப் பாடிக்கிட்டு இருக்கும். பாடின பாட்டையே பாடும், பாவம்.

"பதினோரு வருஷத்துல ஒரு புஸ்தகம் காணாம போனதில்ல வாத்தியாரே."

இதைச் சொல்ற எனக்கு ஒரு நாத்தனார் இருக்கா; இப்படித்தான் அவ, பொண்ணு கல்யாணத்துல சாமான் ரூம் சாவியை இடுப்புல செருகிக்கிட்டு, மாப்பிள்ளை வீட்டாளுங்களோட கோயிலுக்குப் போயிட்டா. ரெண்டாம் பந்திக்கு அப்பளம் இல்ல. சமையக்காரர் கதவு முன்னாடி கரண்டியோட நின்னாரு. இருபது வருஷமாச்சு, சம்பந்தி வீட்டுல இன்னும் அதைத்தான் பேசுறாங்க. எதுக்கோ ஞாபகம் வந்துச்சு.

சந்தியாகு கேட்டார்: "சாவியைப் பார்த்துட்டு என்ன சொன்னாங்க?"

"நடுவுல உக்காந்திருந்த மேடம், 'அப்ப இன்னைக்கு வகுப்பு?'ன்னாங்க. 'நான் இங்க வந்துட்டேனே, ஒன்பது ஊருக்கும் லீவு விட்டுட்டேன்'னேன். அவங்க ஏதோ எழுதிக்கிட்டாங்க. சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புதான் எனக்குப் புரியல."

அப்பப் பார்த்து போன் அடிச்சுது.

"அக்கா, லீவுன்னு சொல்லியும் பிள்ளைங்க வந்து உக்காந்திருக்குங்க. என்ன பண்ண?"

"வீட்டுக்கு அனுப்பும்மா. நாளைக்கு வரேன்."

வெச்சுட்டா.

"யாரு?"

"சென்டர் நாலு."

"பேரு?"

தமயந்தி போனைப் பார்த்தா. போன்லயும் சென்டர் நாலுன்னுதான் இருந்துச்சு. பேரு ஞாபகத்துக்கு வர கொஞ்ச நேரம் ஆச்சு.

சந்தியாகு எழுந்து செருப்பை மாட்டினார். கடைச் சாவியை எடுத்து அவ பக்கம் தள்ளினார்.

"நான் டீ குடிச்சுட்டு வரேன். கடையைப் பார்த்துக்கங்கம்மா."

"ஐயோ, எனக்கு இந்த மிஷின் தெரியாதே. ஏதாவது கெட்டுப்போச்சுன்னா?"

"தாள் கெட்டுப்போகும்."

போயிட்டார். டீக்குப் போனா அவர் சீக்கிரம் வர மாட்டார். அந்த டீக்கடையில ஒரு கேரம் போர்டு கிடக்கு.

வேட்டி கட்டின ஒரு ஆள் ஆதார் கார்டை நீட்டினாரு. முன்னாடியும் பின்னாடியும் ஒரே பக்கத்துல வேணுமாம்.

முதல் தாள்ல பாதி மூஞ்சிதான் வந்துச்சு. ரெண்டாவது தலைகீழ். மூணாவது கன்னங்கரேல்னு.

"மன்னிச்சுக்கங்க அண்ணே."

"மெதுவா எடும்மா. எனக்கு பஸ் அஞ்சே முக்காலுக்குத்தான்."

நாலாவதும் கோணல். அஞ்சாவது சரியா வந்துச்சு. அவர் தூக்கிப் பார்த்தாரு. "மூக்கு என் மூக்குதான்"னு மடிச்சு வெச்சுக்கிட்டுப் போனாரு.

சந்தியாகு வந்தப்ப தமயந்தி கெட்டுப்போன தாளையெல்லாம் அடுக்கி வெச்சிருந்தா.

"நாலு தாள் வீணாக்கிட்டேன்."

"அஞ்சாவது?"

"வந்துருச்சு."

அவர் அந்தத் தாளையெல்லாம் புரட்டி, பின்பக்கம் எழுத ஆகும்னு மேசைக்குள்ள போட்டார்.

தமயந்தி சாவிக்கொத்தையே பார்த்துக்கிட்டு நின்னா.

"சிலம்பரசி கேட்டா வாத்தியாரே."

"யாரு?"

"சென்டர் நாலுல முன்னாடி இருந்த பொண்ணு. 'அக்கா, சாவியை என்கிட்ட குடுங்க. நாலரைக்கே பிள்ளைங்க வந்துருது, நானே திறந்துக்கறேன்'னா. 'ஏதாவது காணாம போச்சுன்னா?'ன்னேன். அதுக்கப்புறமும் ரெண்டு தடவை கேட்டா. நாலாந்தடவை கேக்கல. வேலையை விட்டு நின்னுட்டா."

"எப்ப?"

"ஆறு வருஷம் இருக்கும்."

சந்தியாகு மிஷின்ல தாள் நிரப்பிக்கிட்டு இருந்தார்.

"இப்ப எங்க இருக்கு அந்தப் பொண்ணு?"

"தெரியல."

சொன்னதுக்கப்புறம் அவளுக்கே என்னமோ மாதிரி இருந்துச்சு. போனை எடுத்துத் தேடினா. 'சென்டர் நாலு பழசு'ன்னு இருந்துச்சு. அதை அழுத்தினா.

ரெண்டாவது மணியிலயே எடுத்துட்டா அந்தப் பொண்ணு.

"தமயந்தி அக்கா! நல்லா இருக்கீங்களா? பிள்ளைங்க எல்லாம் வருதுங்களா? பெரிய சார்ட்டு ஒண்ணு இருக்குமே, ஆலமரம் போட்டது, அது இருக்கா?"

"இருக்கும்மா. பத்திரமா இருக்கு."

"கிழியலையே?"

"கிழியல."

தமயந்தி சாவிக்கொத்தைக் கையில எடுத்தா.

"நீ எங்கம்மா இருக்க இப்ப?"

"துறையூர்ல, ஜவுளிக்கடையில. காலையில நான்தான்கா திறக்கணும். சேர்ந்த மூணாம் மாசமே கடைச் சாவியை என் கையில குடுத்துட்டாங்க."