தரைக்குள் நின்ற பசு

கூழையூரில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் அது புத்தம் புதிதாக அப்படியே இருந்தது.

அந்த ஊரில் ஆவுடையப்பன் வீடு கட்டினார். கூடத்துக்கு டைல்ஸ் வேண்டாம், மலையில் வெட்டியெடுத்த கறுப்புக் கிரானைட்தான் வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசையில் தப்பில்லை. மாசானம், பலவேசம் என்ற அண்ணன் தம்பி கொத்தனார்களிடம் வேலையைக் கொடுத்ததைத் தப்பு என்று சொல்லலாம். ஆனால் அந்த ஊரில் வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும் இதே கதைதான்.

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்த ஐயர் தெளிவாகத்தான் சொன்னார். "புதுத் தரையிலே முதல்ல பசுதான் கால் வைக்கணும். பசு எப்படிப் போறதோ, அப்படியே நீங்க பின்னாலே போகணும். பால் பொங்கி வழியணும். பத்தரைக்கு ராகு காலம். விட்டா அப்புறம் தை மாசம்தான்."

கல் விற்றவரும் தெளிவாகத்தான் சொன்னார். "முகம் அழகாத் தெரியற வரைக்கும் பாலிஷ் போடுங்க."

பலவேசத்துக்கு முதல் நாளே சந்தேகம் வந்தது. "பசுதான் முதல்ல கால் வைக்கணும்னா, நாம எப்படிண்ணே கல்லு பதிக்க?"

மாசானம் நெற்றியைச் சுருக்கினான். "காலைத்தானல வைக்கக் கூடாது? வயித்தை வைக்கலாம்லா."

"முட்டி?"

"முட்டி காலோட சேத்தி. தூக்கிக்கோ."

இருவரும் முட்டியைத் தூக்கிக்கொண்டு, வயிற்றாலேயே ஊர்ந்து கூடம் முழுக்கக் கல் பதித்தார்கள். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. அடுத்து பாலிஷ்.

"முகம் தெரியுதால?"

"தெரியுதுண்ணே. ஆனா அழகா இல்ல."

"அப்ப இன்னும் தேயி."

பலவேசத்தின் முகம் அப்படி. பாவம், தேய்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அண்ணனுக்கே மனசு கேட்கவில்லை. "போதும்ல. இதுக்கு மேல கல்லு என்ன செய்யும்?"

அந்த நாள் வந்தது. ஆவுடையப்பன் காலி செய்த வாடகை வீட்டில் வேறு குடும்பம் ஏறிவிட்டது. கட்டில், பீரோ, சட்டிபானை எல்லாம் லோடு ஆட்டோவில் வாசலில் நின்றன. மனைவி பூரணம் பால் பானையோடு நின்றாள். பத்தரைக்குள் நுழையாவிட்டால் தை வரைக்கும் லோடு ஆட்டோவில்தான் குடித்தனம்.

பசு வாசற்படிக்கு வந்து தரையைப் பார்த்தது. தரைக்குள்ளிருந்து இன்னொரு பசு அதைப் பார்த்தது. அதற்குப் பிறகு அது நகரவில்லை. புல் காட்டினார்கள், வாலை முறுக்கினார்கள், பூரணம் கெஞ்சியும் பார்த்தாள்.

"ஏலே, மணி பத்தே கால்!" என்று ஆவுடையப்பன் அலறினார்.

மாசானம் எட்டிப் பார்த்தான். "அண்ணாச்சி, ஏன் பதறுதிய? உள்ளதான் ஏற்கெனவே ஒரு பசு நிக்குதே!"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நின்றது.

"அப்ப பசு போயாச்சு," என்றாள் பூரணம், உயிர் வந்தவளாக.

"போயாச்சு மதினி. ஆனா தலைகீழால்லா போயிருக்கு," என்றான் பலவேசம்.

பசு எப்படிப் போகிறதோ அப்படியே பின்னால் போகவேண்டும் என்பது ஐயர் வாக்கு. ஆவுடையப்பன் பெருமூச்சு விட்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டார். கொத்தனார்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்து அவரைத் தலைகீழாகத் தூக்கினார்கள். மிரண்டு நின்ற பசுவைச் சுற்றிக்கொண்டு, வலது கை முதலில் பட, அவர் புது வீட்டுக்குள் போனார். கிரானைட்டில் தன் முகத்தை நெருக்கத்தில் பார்த்தார். அழகாகத்தான் இருந்தது.

பின்னாலேயே வந்த பூரணத்தைப் பலவேசம் நிறுத்தினான். "மதினி, அண்ணாச்சியே தலைகீழா இருக்காக. பானை மட்டும் நேரா இருந்தா நல்லாவா இருக்கும்?"

நியாயமான கேள்வி. அவள் பானையைக் கவிழ்த்தாள்.

கூடமெல்லாம் பால் ஓடியது. ஆவுடையப்பனின் மூக்கிலும் கொஞ்சம் ஏறியது. பூரணத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியளா!" என்று கூவிக் குலவை போட்டாள். "அடுப்பே பத்த வைக்கல, அதுக்குள்ள பொங்கிட்டு!"