கரிச்சி தோண்டிய பள்ளம்

மூங்கில் காட்டில் கரிச்சி என்ற காட்டுப்பன்றி தன் குட்டிகளோடு வாழ்ந்துவந்தது. அவை தண்ணீர் குடிப்பது தாமரைக் குட்டையில். காட்டுக்கும் குட்டைக்கும் நடுவே ஒரு சாலை ஓடியது.

அந்தச் சாலையை அகலப்படுத்திப் புதுத் தார் போட்டார்கள். அன்றிலிருந்து வண்டிகள் பறந்தன. ‘வனவிலங்குகள் கடக்கும் பகுதி, மெதுவாகச் செல்லவும்’ என்று ஒரு பலகை நின்றது. படிக்கத் தெரிந்தவர்கள் அதைப் படித்துக்கொண்டே பறந்தார்கள்.

ஒருநாள் காலை கரிச்சி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு சாலையைக் கடந்தது. கடைக்குட்டி எதையோ மோந்து பார்த்தபடி பின்தங்கியது. ஒரு சிவப்புக் கார் சீறி வந்தது. 'டம்' என்று ஒரு சத்தம். கார் நிற்கவே இல்லை. பின்கண்ணாடி வழியாக ஒரு சின்னப் பெண் மட்டும் திரும்பிப் பார்த்து வாய்விட்டு அழுதது தெரிந்தது.

கரிச்சி ஓடிப்போய் மூக்கால் குட்டியை நெம்பியது. "எந்திரி, எந்திரி!" என்றது. குட்டி எழுந்திருக்கவில்லை.

சாலையோர மரத்திலிருந்து குரங்குத் தலைவன் செம்முகன் எட்டிப் பார்த்தது. "பாவம்தான். வேற குட்டையைத் தேடிப் போயிடு, கரிச்சி!"

"என் தண்ணிய விட்டுட்டு நான் ஏன் போகணும்? இந்த வண்டிங்க வேகத்தைக் குறைக்கணும்!"

"வண்டிக்காரங்களைக் குறை சொல்லாத! தினமும் எங்களுக்கு முறுக்கு போடறாங்க, பழம் போடறாங்க. நல்ல மனசு!"

"அந்த நல்ல மனசு ஓட்டின வண்டிதான் என் குட்டியை அடிச்சுது!" என்றது கரிச்சி.

மறுநாள் ஆத்திரம் தாங்காமல் அது ஒரு ஜீப்பை முட்டப் பாய்ந்தது. ஜீப் அதன் தோளில் இடித்து உண்ணிச்செடிப் புதருக்குள் தூக்கி எறிந்தது. நடக்க முடியாமல் கரிச்சி புதரிலேயே கிடந்தது. ஆனால் கண்ணை மூடவில்லை. படுத்தபடியே சாலையைக் கவனித்தது.

தூரத்தில் ஒரு சின்னப் பாலம். அதை ஒட்டி மழைத்தண்ணீர் தாரை அரித்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பள்ளம் இருப்பது தெரிய வேண்டும் என்று யாரோ அதில் ஓர் இலைக்கொத்தை நட்டிருந்தார்கள். எவ்வளவு வேகமாக வந்த வண்டியும் அங்கே வந்ததும் அடங்கியது. ஊர்ந்து போனது.

கரிச்சி தலையை உயர்த்தியது. "பலகைக்கு அடங்காதவங்க பள்ளத்துக்கு அடங்குறாங்க! தோண்டத் தெரிஞ்சவங்கதானே நாங்க!"

அது தேறி எழுந்த நாளில் செம்முகன் மரத்திலிருந்து குதித்து ஓடி வந்தது. அதன் கண் சிவந்திருந்தது. "என் தம்பி போயிட்டான், கரிச்சி! ஒரு கார்ல இருந்து பிஸ்கட் விழுந்துச்சு. எடுக்கப் போனான். பின்னாடி வந்த வேன் ஏத்திடுச்சு!"

மாதங்கி என்ற யானையும் அங்கே இருந்தது. செம்முகன் அதன் காலடியில் நின்று கத்தியது. "மாதங்கி அக்கா! அந்த வளைவுல ஒரு மரத்தைச் சாய்ச்சுப் போடு! வர்றவன் மோதிச் சாகட்டும்!"

"மரம் சாய்க்கிறது எனக்கு ஒரு வேலையா? கரிச்சி என்ன சொல்றா?" என்றது மாதங்கி.

சாகட்டும் என்றுதான் கரிச்சிக்கும் முதலில் தோன்றியது. பிறகு பின்கண்ணாடியில் பார்த்த முகம் நினைவுக்கு வந்தது.

"வேண்டாம். என் குட்டிக்காக அந்த வண்டிக்குள்ள ஒரு பொண்ணு அழுதுச்சு. அதுவும் ஒரு குட்டிதானே! நமக்கு அவங்க உயிர் வேண்டாம். வேகம் குறைஞ்சா போதும்!"

பிறகு தன் யோசனையைச் சொன்னது. வளைவில் அல்ல, தூரத்திலிருந்தே தெரியும் நேர்ச்சாலையில், குட்டைக்குப் போகும் தடத்தில் பள்ளம் தோண்ட வேண்டும்.

பொழுது சாய்ந்தால் வனத்துறைச் சோதனைச்சாவடியில் கேட்டைச் சாத்திவிடுவார்கள். வண்டிகள் வராது. அன்று கேட் சாத்தியதும் பன்றிகள் சாலையோர மண்ணைக் கிளறின. அடிமண் கலகலத்ததும் மாதங்கி தாரின் மேல் ஓங்கி மிதித்தது. தார் பிளந்தது. செம்முகனின் கூட்டம் இலைக்கொத்துகளை ஒடித்து வந்து பள்ளத்தில் நட்டது.

காலையில் முதல் கார் வந்தது. இலைகளைப் பார்த்ததும் அடங்கியது. அடுத்த வேனும் அடங்கியது. மான்கள் பதறாமல் கடந்தன.

இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஆட்கள் வந்து ஜல்லி கொட்டிப் பள்ளத்தை மூடிவிட்டார்கள்.

"அவ்வளவுதான், போச்சு!" என்றது செம்முகன்.

"மூடட்டும். மறுபடியும் தோண்டுவோம்!" என்றது கரிச்சி.

தோண்டின. மூடினார்கள். மீண்டும் தோண்டின. ஜல்லி குத்திக் கரிச்சியின் மூக்கில் ரத்தம் வழிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

இந்த முறை ஆட்களோடு வனச்சரகர் தமயந்தியும் வந்தார். கரிச்சி புதருக்குள் நின்று ஒட்டுக்கேட்டது.

"எல்லாம் பன்னிங்க அட்டகாசம் மேடம்! ரெண்டு பக்கமும் கம்பிவேலி போட்டுட்டா தொல்லை விட்டுது!" என்றார் மேஸ்திரி.

"அப்படித்தான் செய்யணும்போல இருக்கு" என்றார் தமயந்தி.

கரிச்சி குட்டிகள் பக்கம் திரும்பியது. வேலி வந்தால் குட்டைத் தண்ணீர் அடியோடு போய்விடும்! இவர்கள் இருக்கும்போதே இது எங்கள் வழி என்று காட்ட வேண்டும்.

"பயப்படாம என் பின்னாடியே வாங்க!" என்று குட்டிகளிடம் சொல்லிவிட்டுப் பட்டப்பகலில் புதரை விட்டு வெளியே வந்தது.

ஆட்கள் மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கரிச்சி யாரையும் முட்டவில்லை. தலை நிமிர்ந்து சாலையைக் கடந்து குட்டையில் இறங்கியது. அதைப் பார்த்து மான்கள் வந்தன. அவற்றின் பின்னால் மாதங்கியும் அசைந்து வந்தது. எல்லாம் அந்த ஒரே தடத்தில் நடந்து போய்த் தண்ணீர் குடித்தன.

தமயந்தி அசையாமல் நின்று பார்த்தார். பள்ளத்தையும் தடத்தையும் குட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"வேலி வேண்டாங்க. இது இந்த மிருகங்க தண்ணிக்குப் போற வழி. நாமதான் நடுவுல ரோடு போட்டிருக்கோம். பள்ளத்தை மூடிட்டு இந்த இடத்துக்கு ரெண்டு பக்கமும் நல்ல உயரமா வேகத்தடை போடுங்க!"

"வண்டிக்காரங்க திட்டுவாங்களே மேடம்!"

"என்னைத் திட்டட்டும்!"

வேகத்தடைகள் வந்தன. பளிச்சென்று வெள்ளைக் கோடும் போட்டார்கள். கரிச்சி அதன் பிறகு அங்கே தோண்டவில்லை. செம்முகன் தன் கூட்டத்தைச் சாலைப் பக்கமே விடவில்லை. முறுக்கு வாசனைக்கு நாக்கில் எச்சில் ஊறிய குட்டிகளை வாலைப் பிடித்து மரத்துக்கு இழுத்துப்போனது.

ஒரு காலை நேரம் குட்டிகளோடு கரிச்சி சாலையில் கால் வைத்தது. தூரத்தில் ஒரு கார் காற்றாய் வந்தது. வேகத்தடையைக் கண்டதும் கிறீச்சிட்டு அடங்கி, மெல்ல ஏறி இறங்கி, பன்றிகளைப் பார்த்து நின்றது. கரிச்சி ஒருமுறை அதைத் திரும்பிப் பார்த்தது. பிறகு கடைசிக் குட்டி கடக்கும் வரை சாலை நடுவிலேயே நின்றது. கார் காத்திருந்தது.

காட்டு வழியில் மெதுவாகப் போகிறவருக்குச் சிறிது நேரம்தான் நஷ்டம்; விரைந்து போகிறவர் பறிக்கும் உயிரையோ யாராலும் திருப்பித் தர முடியாது.