அசையாத நாடி

குன்றின் அடியில் இருந்த அந்த மடத்தில் குருவுக்கு நாற்பது வயது. அவரிடம் மூச்சுப் பயிற்சி கற்ற திருவேங்கடத்துக்கு அறுபத்திரண்டு. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வடிவாம்பாள் என்ற அந்தக் குருவை அவர் அம்மா என்பார். குரு அவரை ஐயா என்பார்.

காலைப் பயிற்சியில் சீடர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பிடித்து நாடி பார்ப்பது அங்கே வழக்கம். மூச்சை இழுத்தால் நாடி கொஞ்சம் வேகமாக ஓடும். விட்டால் நிதானிக்கும். திருவேங்கடத்தின் நாடி மட்டும் எதற்கும் மசியாது.

ஒருநாள் அவர் குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"இழுத்தாலும் விட்டாலும் ஒரே ஓட்டம்மா. நிமிஷத்துக்கு நூறு. குன்று ஏறினாலும் அதேதான். மனசு அடங்கிடுச்சு. மேலே குகையில தனியா ஒரு மண்டலம் இருக்க உத்தரவு குடுங்க."

"எழுந்து நில்லுங்க ஐயா."

எழுந்தார். கண் இருட்டித் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"இது எத்தனை நாளா?"

"ஆறு மாசமா. தியானத்தோட பரவசம்னு நினைச்சேன்."

"சர்க்கரை?"

"பத்தொன்பது வருஷம். அதை விடுங்கம்மா."

மனிதர் இனிப்பை விட்டவரில்லை. சர்க்கரைப் பேச்சை மட்டும் உடனே விட்டுவிடுவார்.

"நெஞ்சு வலி ஒரு தடவைகூட வந்ததில்ல," என்றும் சேர்த்துக்கொண்டார்.

குரு அவரை மெதுவாக வாசலுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. பசித்து வருகிறவர்கள் அதை இழுத்தால் அடுக்களையில் மணி அடிக்கும். சமையற்காரர் சோறு கொண்டுவருவார்.

"இழுங்க."

இழுத்தார். உள்ளே சத்தமே இல்லை. இன்னும் பலமாக இழுத்தார்.

"உள்பக்கம் எலி கடிச்சிருக்கு. காலையிலதான் பார்த்தேன். மூணு நாளா பசின்னு ஒருத்தரும் வரலன்னு சமையற்காரர் சந்தோஷமா இருந்தார்."

திருவேங்கடம் கயிற்றைப் பார்த்தார். அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"எங்க அப்பாவுக்கும் சர்க்கரை. கடைசிவரைக்கும் வலி இல்லைன்னுதான் சொன்னார்," என்றார் குரு. "குகை எங்கேயும் போயிடாது. வண்டி வரச் சொல்றேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

மாரடைப்பு ஒன்று ஏற்கெனவே வந்து போயிருக்கிறது என்றார் மருத்துவர். இதயத்தை ஆளும் நரம்புகளைச் சர்க்கரை அரித்துவிட்டதால் வலியும் தெரியவில்லை, நாடியும் மாறவில்லை. இன்னொரு ரத்தக்குழாய் அடைபடும் நிலையில் இருந்தது. அதைத் திறந்து உயிரைக் காப்பாற்றினார்கள்.

இரண்டு மாதம் கழித்துத் திருவேங்கடம் மடத்துக்கு வந்தார். கையில் புது மணிக்கயிறு ஒன்று இருந்தது. அதைக் குருவின் முன்னால் வைத்துவிட்டு விழுந்து கும்பிடப் போனார்.

"வேண்டாம் ஐயா. எழும்போது தலை சுத்தும். உட்காருங்க."

உட்கார்ந்தார். அழுகை வந்துவிட்டது.

"குகையில எனக்கே தெரியாமப் போய்ச் சேர்ந்திருப்பேன்மா. எதுக்கும் அசையாத ஞானின்னு நாலு பேர் மாலையும் போட்டிருப்பாங்க. நீங்க குடுத்த உசிரு இது."

அவர் அழுது முடிக்கும்வரை குரு காத்திருந்தார்.

திருவேங்கடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு சந்தேகம்மா. நிஜமாவே மனசு அடங்கினவங்க நாடி எப்படி இருக்கும்?"

குரு தன் கையை நீட்டினார். திருவேங்கடம் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். திகைத்துப்போனார்.

"என்னம்மா இது, இந்த ஓட்டம் ஓடுது?"

"ஓடாதா ஐயா? உசிரோட வந்து என் முன்னால உட்கார்ந்திருக்கீங்களே."